ஆச்சுவின் வரி

டம்ளரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் சின்னவள் காலையில் கணினியைத் திறப்பாள். டம்ளரின் விளிம்புக்கு மேலே கண்ணாடி போட்ட இரண்டு கண்கள் மட்டும் தெரியும். இன்னொரு கையின் விரல்கள் திரையைச் சரசரவென்று மேலே தள்ளிக்கொண்டே போகும். எந்த வரியிலும் பார்வை தங்காது. அடிவரை போனதும் டம்ளரை இறக்கி, "மறுபடியும் ரெண்டு போட்டிருக்கா" என்பாள். அதற்குள் தேநீர் ஆறிப்போயிருக்கும். "சூடு பண்ணித் தரட்டுமாடி?" என்று பெரியவள் கேட்டால், "எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று பதில் வரும். தேநீரைத்தான் சொல்கிறாளா, உலகத்தையே சொல்கிறாளா என்று அந்தக் குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

ராத்திரியோடு ராத்திரியாக எழுதிச் சேர்த்த அந்த இரண்டு நிரல் மாற்றங்களையும் போட்டவள் ஆச்சு. பெற்றோர் வைத்த பெயர் வேறு. யார் எந்த வேலையைக் கேட்டாலும் "ஆச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்தது என்ன என்று கேட்பவள் என்பதால் அலுவலகம் வைத்த பெயர் அது. சின்னவளுக்கும் அதே அலுவலகம் ஒரு பெயர் வைத்திருக்கிறது: 'பாத்துட்டிருக்கேன்'. இந்த இரண்டு பெயர்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே அந்த வீட்டில் நடக்கும் கூத்து முக்கால்வாசி விளங்கிவிடும்.

வீடு பெரியவளுடையது. அதாவது சின்னவளின் அக்காவுடையது. பெரியவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைச் சட்டத்தின் வடிவத்துக்கு அறுத்து, விளிம்பைத் தேய்த்து, உள்ளே உட்கார வைப்பாள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவள். ஆனால் தங்கையின் வேலை என்ன என்று யாராவது கேட்டால், கையில் இருக்கும் லென்ஸைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொல்வாள்: "சிஸ்டம் கால் எழுதறா." ஒருமுறை ஒரு வாடிக்கையாளர், "ஓ, கால் சென்டரா?" என்றார். அவருடைய கண்ணாடி அன்று தயாராகவில்லை.

அந்த வேலையைப் பெரியவள் தங்கையின் வாயாலேயே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். கணினியில் ஓடும் எந்த நிரலும் எதையும் தானாக எடுத்துக்கொள்ளாது. ஒரு கோப்பைத் திறக்க வேண்டும், கொஞ்சம் நினைவகம் வேண்டும், சற்று நேரம் தூங்கி எழ வேண்டும் என்றால், கணினியின் கருவான கெர்னலிடம் கேட்டுத்தான் வாங்கும். அந்தக் கேட்டல்தான் சிஸ்டம் கால். சின்னவளின் குழு செய்வது நூலக இயங்குதளம். நிரலின் பக்கத்திலேயே ஒரு லைப்ரரியைக் குடிவைத்து, அதைக் கெர்னல் போல நடிக்க வைப்பது. நிரல் கேட்பதற்கெல்லாம் இந்த லைப்ரரியே பதில் சொல்லும். தன்னால் முடியாத வெகு சிலவற்றுக்கு மட்டும் வெளியே இருக்கும் நிஜக் கெர்னலிடம் போகும். தனக்குப் பதில் சொல்வது நகல் என்பது நிரலுக்குத் தெரியவே கூடாது.

இதில் ஒரு சிக்கல். நிஜக் கெர்னலுக்கு நூற்றுக்கணக்கான அழைப்புகள் தெரியும். நகலுக்கு அவ்வளவு தெரியாது. தெரியாத ஒன்றை நிரல் கேட்டால், "அந்த வசதி இங்கே இல்லை" என்று திருப்பி அனுப்ப வேண்டும். பல நிரல்கள் அந்த இடத்திலேயே படுத்துவிடும். அதனால் ஒவ்வொன்றாகப் புதிய அழைப்புகளைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வோர் அழைப்புக்கும் ஓர் எண் உண்டு. எண்ணுக்கு எதிரே, யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஓர் அட்டவணையில் ஒரே ஒரு வரி. அந்த வரியைச் சேர்ப்பது சுலபம். அதற்குப் பின்னால் நிற்கும் வேலையைச் செய்து முடிப்பதில்தான் உயிர் போகும்.

சின்னவள் அதை வாய்விட்டுப் பேசித்தான் செய்வாள். வீட்டிலிருந்தே வேலை என்பதால், பின்னறைக் கதவுக்கு வெளியே நின்றால் நாடகம் கேட்கலாம். நிரலுக்கு இழுத்து இழுத்துக் கெஞ்சும் குரல்: "ஐயா, இந்த எடத்துல கொஞ்சம் எழுதித் தாங்களேன்." லைப்ரரிக்குக் கனத்த குரல்: "எந்த எடம்? உன்னோட எடமா அது? முதல்ல காட்டு." பிறகு நிரல் அசடு வழியும்: "பக்கத்து வீட்டு எடங்க." உடனே லைப்ரரி, "அப்ப போ வெளியே!" என்று கத்தும். தண்ணீர்க் குழாய் பார்க்க வந்த ஆள் ஒருமுறை இதைக் கேட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கிப் போனார்.

வேலையில் இருக்கும் இந்தச் சந்தேகம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பார்க்காத ஒன்றுக்கு 'ஆமாம்' சொல்ல அவளால் முடியாது. "கேஸை மூடினியா?" என்று கேட்டால், மூடியவள் அவளேயானாலும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்வாள். பெரியவளின் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். "உன் தங்கச்சிகிட்ட மணி கேட்டா, கடிகாரம் ஓடுதான்னு காதை வச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லுவா" என்பார். "ஓடலைன்னா என்ன பண்றது அத்தான்? தப்பா சொல்றதுக்கு 'தெரியல'ன்னு சொல்றது எவ்வளவோ மேல்" என்பாள் அவள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அப்படிப்பட்டவளுக்கு எதிரே, திரையில், ஆச்சு வந்து உட்கார்ந்தாள். ஆச்சு வந்த நாளிலிருந்து சின்னவள் பொறாமைப்படவில்லை. அவளே சொல்லியிருக்கிறாள். "பொறாமையா? எனக்கா? அவகிட்ட பொறாமைப்பட என்ன இருக்கு?" யாரும் கேட்காதபோதே சொல்லியிருக்கிறாள், காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, ஒருமுறை பல் விளக்கும்போது. ஆச்சுவின் நாற்காலிக்குத் தலைவைக்கும் மெத்தை இருப்பது காணொளிக் கூட்டத்தில் தெரிந்ததும், தன் கேமராவைச் சற்று மேலே திருப்பி வைத்துக்கொண்டாள், தன்னுடைய மொட்டை நாற்காலி தெரியாதபடி. ஆச்சு பேசும்போது விசைப்பலகையை ஓங்கித் தட்டுவாள். ஆச்சுவை யாராவது பாராட்டினால் திரைக்கு முன்னால் நெற்றியைச் சொறிந்துகொள்வாள். கை முகத்தை மறைத்துவிடும்.

எல்லாவற்றையும் விட அவளுக்கு ஆகாதது, ஆச்சு தன்னை 'அக்கா' என்று கூப்பிடுவது. "அக்காவாம்! என்னை விட ரெண்டு வயசு கூட குறைவா இருக்க மாட்டா." இதைக் கேட்டதும் பெரியவளுக்கும் உள்ளே ஏதோ சுருக்கென்றது. ஆனால் அது வேறு கணக்கு. இந்த வீட்டில் அக்கா என்ற பதவி காலியாக இல்லையே!

இன்னொன்றையும் பெரியவள் யாரிடமும் சொல்லவில்லை. சின்னவளின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி கிடக்கும். பெரியவள் கடையிலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டு அதில்தான் உட்காருவாள். அன்று எந்த அழைப்பு எங்கே முட்டிக்கொண்டது என்று சின்னவள் சொல்வாள். பாதி புரியும், பாதி புரியாது. புரியாத பாதியையும் பெரியவள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே சின்னவள், "இரு இரு, புடிச்சிட்டேன்" என்று திரும்பிக்கொள்வாள். அந்த 'புடிச்சிட்டேன்' பெரியவளின் நாள் சம்பாத்தியம். ஆச்சு வந்த பிறகு அழைப்புகளைப் பற்றிய பேச்சே நின்றுவிட்டது. "இன்னிக்கு அவ என்ன பண்ணினா தெரியுமா?" என்றுதான் தொடங்கும், அதிலேயே முடியும். தங்கையின் வாயில் நாள் முழுக்க இன்னொருத்தி பெயரைக் கேட்கப் பெரியவளுக்குப் பிடிக்கவில்லை. திட்டுவதற்காகவே சொன்னாலும் பிடிக்கவில்லை.

கடைசியில் பூட்டில் வந்து எல்லாம் சிக்கியது.

வெளியே ஒரு நிறுவனம் தன்னுடைய நிரலை இந்த நூலக இயங்குதளத்தின் மேல் ஓட்டப் பார்த்தது. அந்த நிரல் இரண்டு மூன்று நகல்களாக ஒரே நேரத்தில் ஓடும். எல்லாம் ஒரே கோப்பில் எழுதும். ஒன்று எழுதும்போது மற்றது கைவைக்கக் கூடாது. அதற்காக எழுதுமுன் கோப்புக்குப் பூட்டு கேட்கும். கேட்ட அழைப்பு நம்மவர்களிடம் இல்லை. அதைச் சேர்க்கும் வேலை சின்னவளிடம் வந்தது. நிரலின் ஒவ்வொரு நகலுக்கும் பக்கத்தில் அதனதன் லைப்ரரி உட்கார்ந்திருக்கும்; ஒன்றின் பூட்டு இன்னொன்றின் கண்ணுக்குத் தெரியாது. அவை தங்களுக்குள் ஒன்றைத் தலையாக வைத்துக்கொண்டு, யாரிடம் பூட்டு இருக்கிறது என்று அதனிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சின்னவள் மாதக்கணக்கில் இதைக் கட்டினாள். "எப்ப முடியும்?" என்று குழுத் தலைவர் கேட்கும்போதெல்லாம், "பாத்துட்டிருக்கேன் சார்" என்றாள்.

ஆச்சு ஒரு மதிய வேளையில் அட்டவணையில் ஒரு வரி சேர்த்தாள். பூட்டு கேட்பவர் யாராக இருந்தாலும் 'கிடைத்தது' என்று பதில் சொல்லிவிடும் ஒரு குட்டிச் செயல்பாடு. பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. ஆனால் வாசலிலேயே படுத்துக்கொண்டிருந்த அந்த நிரல் எழுந்து ஓடிவிட்டது. அலுவலகமே கை தட்டியது.

"அவ பூட்டே போடலக்கா. பூட்டியாச்சுன்னு சொல்றா, அவ்வளவுதான். அதுக்குப் போய்க் கை தட்டறாங்க!" என்று சின்னவள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கொதித்தாள்.

"புரியுது. கதவு திறக்குது, உள்ள லிஃப்ட் இல்ல" என்றார் பெரியவளின் கணவர்.

"அதேதான் அத்தான்!"

"எங்க வேலைல அதுக்கு போலீஸ் வரும். உங்க வேலைல கை தட்டறாங்களா? நல்ல வேலைம்மா."

தலைவரோ, ஓடுவதை எதற்குத் தொட வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கியிருந்தார். சீக்கிரம் புதிய வெளியீடு வர இருந்தது. அதில் சின்னவளின் பூட்டு போகுமா, ஆச்சுவின் ஒற்றை வரியே போகுமா என்று ஒரு கூட்டத்தில் முடிவாக வேண்டும். ஆச்சுவின் வரி போனால், மாதக்கணக்கான உழைப்பு ஓரமாகக் கிடந்து துருப்பிடிக்கும். ஒருமுறை ஓரத்துக்குப் போனது திரும்பி வந்ததில்லை என்பது சின்னவளுக்குத் தெரியும்.

கூட்டத்தன்று பெரியவளுக்குக் கடை விடுமுறை. "இன்னிக்குக் கதவைச் சாத்த மாட்டேன், கேட்டுக்கோ" என்றாள் சின்னவள். கண்களில் அப்படியொரு மினுமினுப்பு. அவள் கண்டுபிடித்திருந்தாள்: ஆச்சுவின் வரியோடு இரண்டு நகல்களை ஒரே நேரத்தில் பூட்டு கேட்கவிட்டால் இரண்டுக்கும் 'உனக்குத்தான்' என்று பதில் வருகிறது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று எழுதிக் கோப்பைக் கந்தலாக்குகின்றன. அதை எல்லாருக்கும் முன்னால் ஓட்டிக் காட்டிவிட்டு, உடனே தன் பூட்டை ஓட்டிக் காட்டப் போகிறாள்.

அதற்குமுன் தன் வேலையை, மற்றவர்கள் புதிதாகச் சேர்த்தவற்றின் மேல் அடுக்க வேண்டியிருந்தது. அப்போது பெரியவள் அறை வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அட்டவணையின் அந்த ஒரு வரியில் மட்டும் இரண்டு பேரின் எழுத்தும் மோதிக்கொண்டன. எதை வைத்துக்கொள்வது என்று கேட்டு, அடுக்கித் தரும் கருவி இரண்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாகக் காட்டியது. ஆச்சுவின் பெயர் திரையில் வந்ததும் டம்ளர் தானாக முகத்துக்கு ஏறியது. "மேல இருக்கறது நம்மளோடது" என்று முணுமுணுத்தபடி சின்னவள் ஒரு விசையைத் தட்டினாள். சோதனைகள் ஓடின. பூட்டு கேட்டது, கிடைத்தது, கேட்டது, கிடைத்தது. எல்லாம் பச்சை. இரண்டு நகல்களை மோதவிடும் சோதனையைக் கூட்டத்துக்கென்று பத்திரமாக வைத்துக்கொண்டாள். எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்ததுதானே.

மதியம் கூட்டம். ஆச்சுவின் வரியோடு ஓட்டிக் காட்டினாள். "பாத்தீங்களா சார்? ரெண்டு பேருக்கும் ஒரே வீட்டுச் சாவியைக் குடுத்தாச்சு. ரெண்டு பேரும் உள்ள போய் அடிச்சுக்கறாங்க."

"ம்ம்" என்றது தலைவரின் நிதானமான குரல். "உன்னோடதைக் காட்டும்மா."

"இதோ சார், இப்ப என்னோடது." விசை தட்டும் சத்தம். மறுபடி விசை. கையிலிருந்த துணியோடு பெரியவள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். திரையில் இரண்டு சன்னல்கள். இரண்டிலும் ஒரே பதில்: பூட்டு உனக்குத்தான்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?" என்றார் தலைவர்.

"இல்ல சார், இது... ஒரு நிமிஷம்... பாத்துட்டிருக்கேன் சார்."

யாரோ சிரித்தார்கள், சட்டென்று அந்த ஒலிவாங்கி அணைந்தது. ஆச்சு ஒரு வார்த்தை பேசவில்லை. "சரிம்மா, இது இருக்கட்டும்" என்றார் தலைவர். "வெளியீடு முடியட்டும். இப்போதைக்கு இருக்கறதே போகட்டும்."

"சரி சார்" என்று சின்னவள் சொன்னது கூட்டத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. பெரியவளுக்குக் கேட்டது. அவள் முக்காலியில் உட்காரப் போனாள். அதன்மேல் சின்னவளின் ஒயர்களும் பழைய விசைப்பலகையும் குவிந்திருந்தன. நின்றுகொண்டே, "என்னடி ஆச்சு?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கேட்கக் கூடாத வேளையில் வாயில் அந்தப் பெயர்தானா வர வேண்டும்!

அன்று மீதிப் பொழுதும் மறுநாள் காலையும் சின்னவள் தன் செயல்பாட்டை முதலிலிருந்து கடைசிவரை திரும்பத் திரும்பப் படித்தாள். தான் எழுதியதை மட்டும். "தப்பே இல்லக்கா. எங்கயுமே தப்பு இல்ல" என்றாள். கைபேசி அடிக்கடி துடித்தது. ஆச்சுவின் பெயரைப் பார்த்ததும் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். "ஆறுதல் சொல்லப் போறா. எனக்கெதுக்கு அவளோட ஆறுதல்?"

அந்த மறுநாள் காலையிலிருந்தே மழை. மதியம் வாசல் மணி அடித்தது. கடைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லியிருந்த பெரியவள் போய்த் திறந்தாள். சொட்டச் சொட்ட ஒரு குடையோடு ஒருத்தி நின்றாள்.

"அக்கா இருக்காங்களா?"

"நான்தான் அக்கா."

வந்தவள் விழித்தாள். "இல்ல... ஆஃபீஸ் அக்கா. போன் எடுக்க மாட்டேங்கறாங்க."

இவள்தானா! இத்தனை நாள் தங்கையின் வர்ணனையில் பெரியவள் மனதில் ஒரு மகாராணி வளர்ந்திருந்தாள். வாசலில் நின்றதோ, தோள்பையின் வார் அறுந்து முடிச்சுப் போட்ட ஒருத்தி. கண்ணாடியின் ஒரு காது தளர்ந்து சட்டம் கோணலாகத் தொங்கியது. இந்தக் கோணலோடு எப்படி அவ்வளவு வேகமாக எழுதுகிறாள் என்று பெரியவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. "கண்ணாடியைக் குடு" என்றாள். ஆச்சு எதற்கு என்று கேட்காமல் கழற்றிக் கொடுத்தாள்.

பின்னறையில் சின்னவள் நாற்காலியைத் திருப்பவில்லை.

"அக்கா, டேபிளைப் பாத்தீங்களா?"

"எந்த டேபிளை?"

"சிஸ்டம் கால் டேபிளை. பூட்டு நம்பருக்கு எதிர்ல இன்னும் என்னோட வரிதான் இருக்கு. உங்களோடதை யாரும் கூப்பிடவே இல்ல."

"இருக்காது. மோதினப்ப மேல இருந்ததைத்தானே வச்சேன்."

"அடுத்தவங்க வேலையை நம்மளோடதுக்குள்ள கொண்டு வந்தா நம்மளோடது மேல வரும். நம்மளோடதைத் தூக்கி அடுத்தவங்களோடது மேல அடுக்கும்போது தலைகீழாத்தானே காட்டும்?"

அது சின்னவளுக்குத் தெரியாததல்ல. புதிதாக வந்தவர்களுக்கு அவளே படித்துப் படித்துச் சொன்ன எச்சரிக்கை அது. அட்டவணையைத் திறந்தாள். இருந்தது, ஆச்சுவின் வரி. அதன் தலைமேல் ஆச்சு எழுதிய குறிப்பும் இருந்தது: தற்காலிகம், நிஜப் பூட்டு வந்ததும் நீக்கவும். தினமும் காலையில் திரையை ஓயாமல் தள்ளிப் பார்க்கும் சின்னவள் அதை இன்றுதான் படித்தாள். கேஸை மூடியதைப் போய்ப் பார்த்துவிட்டு வருபவள், இந்த ஒரு வரியைப் பார்க்கவே இல்லை.

"உனக்கு எப்ப தெரியும்?" என்றாள்.

"நேத்து நீங்க ரெண்டாவது தடவை ஓட்டினப்பவே தெரிஞ்சிடுச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

ஆச்சு குடையின் கம்பியை நெருடிக்கொண்டிருந்தாள். "சொல்லியிருந்தா என்னோடது போயிடுமே" என்றாள். பிறகு ஒரு மூச்சில்: "வேகமா பண்ணுவாங்கறது ஒண்ணுதான் எனக்கு இருக்கற பேரு. நீங்க ஒண்ணு எழுதினா யாரும் எதிர்க் கேள்வி கேக்கறதில்ல. நான் எழுதினா வரிக்கு வரி கேக்கறாங்க. உங்க பூட்டை முழுசா படிச்சேன். வயிறு எரிஞ்சுது. அதான் வாயை மூடிட்டு இருந்தேன்."

பெரியவள் அறை வாசலில் நின்று சிறு திருப்புளியால் கண்ணாடியின் திருகை இறுக்கிக்கொண்டிருந்தாள். தங்கை இப்போது வெடிப்பாள் என்று எதிர்பார்த்தாள்.

"முழுசாவா படிச்ச?" என்றாள் சின்னவள். குரலில் கோபத்தை விட ஆசை அதிகம்.

"முழுசா. ஒரு எடத்துல தப்பு இருக்கு."

நாற்காலி சட்டென்று திரும்பியது. "எங்க?"

"ஒரே ஃபைலை ஒரு நிரல் ரெண்டு தடவை திறந்திருக்குன்னு வைங்க. அதுல ஒண்ணை மூடினாலே பூட்டு முழுசா விடணும். உங்களோடது விடாது."

"அது கெர்னலோட கிறுக்குத்தனம். எவனோ எந்தக் காலத்துலயோ பண்ணி வச்சது."

"கிறுக்கா இருந்தாலும் அது பண்றதைத்தானே நாமளும் பண்ணணும்? நகல்தானே நாம?"

"அதுக்காக? அறிவுகெட்ட வேலையெல்லாம் நகல் எடுக்கணுமா?"

"எடுக்கணும். நிரல் அதை நம்பி எழுதியிருக்கும்."

"எவன் அதை நம்பி எழுதுவான்?"

"எவனாவது எழுதுவான் அக்கா!"

குரல்கள் ஏறின. மழைச் சத்தத்தையும் மீறின. சின்னவள் எழுந்து நின்றுவிட்டாள். கன்னம் சிவந்திருந்தது. பெரியவள் திருப்புளியைக் கீழே வைத்தாள். தன்னிடம் தங்கை எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள், ஒருநாளும் இப்படிச் சண்டை போட்டதில்லை. சண்டை போடுகிற அளவுக்குத் தனக்குத் தெரியாது. தலையாட்டத்தான் தெரியும். இந்தக் கோணல் கண்ணாடிக்காரி வந்த முதல் நாளே அதை வாங்கிக்கொண்டு போகிறாள். பெரியவள் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்து, தேவைக்கு மேலேயே இன்னொரு முறை துடைத்தாள்.

"இரு இரு, புடிச்சிட்டேன்" என்று உள்ளே சின்னவள் சொன்னாள்.

மாலைக்குள் அட்டவணையின் வரி மாறியது; அந்தக் கிறுக்குத்தனமும் உள்ளே போனது. இரண்டு நகல்களையும் மோதவிட்டார்கள். ஒன்றுக்குப் பூட்டு கிடைத்தது. மற்றது வாசலில் காத்துக்கொண்டு நின்றது. பேச்சைத் தொடர்ந்தபடியே சின்னவள் காலால் முக்காலியை உதைத்தாள்; மேலே இருந்த ஒயரெல்லாம் தடதடவென்று தரையில் சரிந்தன. "நிக்கிறியே, உக்காரு. நிக்குது பாரு அது, எவ்வளவு அழகா நிக்குது!" என்றாள். இரண்டு பேரில் யாரை உட்காரச் சொன்னாள் என்று தெரியவில்லை. பெரியவள் முந்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

சின்னவள் நடந்ததை எழுதி அனுப்பினாள்; வேறொருவரும் பார்த்து ஒப்புதல் தந்தால் உள்ளே விடுவதாகத் தலைவர் பதில் எழுதினார். ஆச்சு தன் வரியைத் தானே நீக்கி ஒப்புதல் தந்தாள். வெளியீட்டில் போனது சின்னவளின் பூட்டு. அலுவலகத்தில் யாரும் பெரிதாகக் கை தட்டவில்லை. பூட்டுக்கு யார் கை தட்டுவார்கள்? "எனக்கு அதெல்லாம் வேணாம்" என்று சின்னவள் பல் விளக்கும்போது சொன்னாள்.

ஆச்சு மாறிவிடவில்லை. இன்னமும் வேகம்தான், இன்னமும் 'ஆச்சு'தான். சின்னவளுக்கும் எரிச்சல் குறைந்தபாடில்லை. "பாரேன், காலைல எழுந்துக்கறதுக்குள்ள இன்னொண்ணு போட்டுட்டா" என்றாள் நேற்றுக்கூட. பெரியவள் தேநீரைக் கொண்டுபோய் நீட்டினாள். சின்னவள் வாங்கினாள். டம்ளர் பழக்கப்படி முகத்துக்கு ஏறியது. விரல்கள் திரையைத் தள்ளத் தொடங்கின. பாதி வழியில் நின்றன. டம்ளரை மேசையின் மறுகோடியில், கைக்கு எட்டாத இடத்தில் வைத்தாள். பெரியவள் கடையில் பொருத்திக் கொடுத்த தன் கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டா முனையால் இரண்டு பக்கமும் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாள். திரையைக் கீழே இழுத்து உச்சிக்குப் போய், ஆச்சுவின் முதல் வரியின்மேல் விரலை வைத்தாள்.